கம்பி விட்டவர்

கம்பியோடு சம்பந்தப்பட்ட மனிதர்கள் தமிழில் மூன்று வகை. கடனை வாங்கிவிட்டுக் கம்பி நீட்டியவர் ஒருவர். பிடிபட்டுக் கம்பி எண்ணுகிறவர் இன்னொருவர். இந்த இருவரைப் பற்றியும் செய்தித்தாள்கள் போதுமான அளவு எழுதிவிட்டன. மூன்றாமவர் யோக்கியர், சொத்து வரி பாக்கி வைக்காதவர், கிருத்திகை விரதம் தவறாதவர். தன் மொட்டை மாடியில் கம்பி விட்டவர். திருத்தணியில் ம.பொ.சி. சாலையிலோ மலையடிவாரத்துத் தெருக்களிலோ தலையை நிமிர்த்தி நடந்தால் அவருடைய கையெழுத்தைப் பார்க்கலாம். கட்டடம் முடிந்த இடத்துக்கு மேலே, பில்லருக்கு நாலு அல்லது ஆறு என்று, துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். சிலவற்றின் தலையில் காலித் தண்ணீர் பாட்டில் கவிழ்த்திருக்கும். ஒன்றில் கேபிள் டிவிக்காரரின் வயர், இன்னொன்றில் துணி காயப்போடும் கயிறு, மூலைக்கம்பியில் நாக்கை நீட்டியபடி ஒரு திருஷ்டி பொம்மை. ‘மேல ரெண்டு ஃப்ளோர் எழுப்பணும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்பார். அந்த அடுத்த வருஷம் சில வீடுகளில் அவருடைய அப்பா சொன்ன அடுத்த வருஷமாகவும் இருக்கும்.

அந்தக் கம்பிகள் மாடி எழுப்புவதற்காக விடப்பட்டவை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மாடி எழுப்பாமல் இருப்பதற்காக விடப்பட்டவை என்பது என் கட்சி. கேட்பதற்குக் கம்பி கட்டுகிற கதை போலத் தோன்றும். ஆனால் அவருடைய கட்டடத்தையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர வழியில்லை.

முதலில் கட்டடம். கீழே தெருவைப் பார்த்து மூன்று ஷட்டர்: ஒன்றில் பூஜை சாமான், ஒன்றில் செல்போன் ரீசார்ஜ், மூன்றாவது வாடகைக்கு. முதல் மாடியில் ஒரு மினி ஹால். மலையில் தாலி கட்டிவிட்டு இறங்கி வருகிறவர்கள் சாப்பாட்டுப் பந்தி போட்டுக்கொள்ள. இரண்டாம் மாடியில் எட்டு அறை, பெயர்ப்பலகையில் தமிழிலும் தெலுங்கிலும் லாட்ஜ். பின்பக்கம், படிக்கட்டுக்கு அடியில் மோட்டார் சத்தம் கேட்கும் தூரத்தில், அவருடைய குடும்பம். கடை, கூடம், விடுதி, வீடு நான்கும் ஒரே கூரையின் கீழ். இதைத்தான் சென்னையிலிருந்து வருகிற வழவழப்பான பிரசுரங்கள் ‘மிக்ஸ்டு யூஸ்’ என்று புதிதாகக் கண்டுபிடித்து விற்கின்றன. சிங்கப்பூரின் பழைய தெருக்களில் கீழே கடை மேலே வீடு என்று வரிசை வரிசையாக நிற்கும் கட்டடங்களை இன்று பாரம்பரியச் சின்னங்களாகப் பாதுகாக்கிறார்கள். நம்மவருக்கு அப்படி ஒரு தத்துவம் எதுவும் தெரியாது. ரோட்டைப் பார்த்த இடம் வாடகை தரும், பின்பக்கம் தராது, ஆகவே பின்பக்கம் நாம் இருந்துகொள்ளலாம் என்பதுதான் அவர் படித்த நகரமைப்பு.

இனி காலண்டர். லாட்ஜில் அறை போதவில்லை என்று அவர் துடிக்கிற நாள் ஆடிக்கிருத்திகை. காவடிகள் திரண்டு வந்து, சரவணப் பொய்கையைச் சுற்றி நிற்க இடமில்லாமல், படுக்க ஒரு பாய் அளவு தரை கிடைத்தால் போதும் என்று சனம் அலைகிற நாள் அது. அன்று இரவு அவர் மொட்டை மாடிக்கு ஏறிக் கம்பிகளைத் தொட்டுப் பார்த்து ஒரு தீர்மானத்துக்கு வருவார். ஆனால் அது ஆடி. ஆடியில் வேலை தொடங்கலாமா? பஞ்சாங்கத்தில் ஆடிக்கும் ஒரு வாஸ்து நாள் உண்டே என்று வாதாடலாம். வீட்டில் இருக்கும் பெரியம்மாவிடம் அந்த வாதம் எடுபடாது. ஆவணி பிறந்தால் முகூர்த்தம். மினி ஹாலில் பந்தி நடக்கும்போது மேலே சென்ட்ரிங் பலகை அடித்தால் சாம்பாரில் சிமென்ட் விழும். புரட்டாசி ஆகாது. ஐப்பசியும் கார்த்திகையும் மழை. மார்கழி நடுவில் மறுபடியும் தீர்மானம் வரும். டிசம்பர் 31 இரவு மலையின் 365 படிகளுக்கும் ஒவ்வொன்றாகப் பூஜை நடக்கும் திருப்படித் திருவிழாவுக்கு வந்த கூட்டம் அவருடைய வராந்தாவில் படுத்திருக்கும். ஆனால் அது மார்கழி. தை வந்தால் மறுபடி முகூர்த்தம். சித்திரையில் காங்கிரீட்டுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. ஆசை வருகிற மாதத்தில் வேலை தொடங்கக் கூடாது, வேலை தொடங்கக்கூடிய மாதத்தில் ஆசை இருக்காது. வருடத்தில் எட்டு நாள்தான் வாஸ்து புருஷன் கண் விழிக்கிறார் என்கிறது பஞ்சாங்கம். அந்த எட்டு நாளிலும் நம்மவர் தூங்கிவிடுவதாகத்தான் வரலாறு.

இதைச் சோம்பல் என்று சொல்கிறவர்கள் கணக்குப் பார்க்காதவர்கள். காலண்டர் தடுத்ததாக அவர் சொல்லிக்கொள்கிறார். உண்மையில் தடுத்தது கல்லாப்பெட்டி. திருத்தணிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தங்குவதற்கு வருவதில்லை. சென்னைக்காரர் அரக்கோணம் வழியாகப் புறநகர் ரயிலில் வந்து, சாமி கும்பிட்டு, அதே நாள் மாலை ரயிலில் திரும்பிவிடுவார். திருப்பதி போகிற வேன் அடிவாரத்தில் நின்று, மலைக்குப் போய்வந்து, மொட்டைத் தலைகளோடு புறப்பட்டுவிடும். நகரி, புத்தூர் பக்கத்துக்காரருக்கு இது பக்கத்து ஊர். ஆக, எட்டு அறை பதினாறானால் அந்தக் கூடுதல் எட்டும் நிரம்புவது ஆடிக்கிருத்திகைக்கும், வருடக்கடைசிக்கும், கூட்டமான சில முகூர்த்த நாட்களுக்கும்தான். மிச்ச நாளெல்லாம் புறாக்களுக்கு. இன்னொரு நுட்பமும் உண்டு. முருகனுக்காக 365 படி சளைக்காமல் ஏறுகிற பக்தர், அறைக்காக மூன்று மாடி ஏறமாட்டார். ‘கீழ ரூம் இல்லையா?’ என்று கேட்டுவிட்டு அடுத்த லாட்ஜுக்குப் போய்விடுவார். லிஃப்ட் வைத்தால் ஏறுவார். வைத்தால் அதன் கரன்ட் பில் புறாக்கள் தலையில் விழும். இந்தக் கணக்கை அவர் எந்த நோட்டிலும் எழுதியதில்லை, ஆனால் விரல்நுனியில் இருக்கிறது.

‘அப்படியானால் கம்பி எதற்கு? மாடியை முடித்துக் கைப்பிடிச்சுவர் கட்டிப் பூசிவிட்டுப் போகலாமே’ என்பது நியாயமான கேள்வி. அங்கேதான் அந்த மனிதர் இருக்கிறார். பூசி முடித்த கூரை ஒரு வாக்குமூலம்: இவ்வளவுதான் என்னால் முடிந்தது. கம்பி விட்ட கூரைக்கு முற்றுப்புள்ளி கிடையாது. பெண் பார்க்க வருகிற சம்பந்தி வீட்டார் அண்ணாந்து பார்த்து, ‘மேல இன்னும் எழுப்புவாங்க போல’ என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வங்கி மேனேஜர் அண்ணாந்து பார்ப்பார். தம்பி அண்ணாந்து பார்ப்பான்; மூத்தவருக்குக் கீழ்க்கட்டு, தனக்கு மேல்கட்டு என்று அவன் மனத்தில் ஒரு வீடு அந்தக் கம்பிகளின்மேல் ஏற்கெனவே எழும்பியிருக்கும். வராத மாடியில் இரண்டு தம்பிகள் குடும்பத்தோடு சண்டையில்லாமல் குடியிருக்கிறார்கள். வந்த மாடியில் அது நடக்காது. இதற்கெல்லாம் மேல் ஒரு நேர்மையான காரணமும் இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டியபோதே அவர் நான்கு மாடிக்குத் தாங்கும்படி பில்லர் போட்டார்; அந்தப் பணம் மண்ணுக்குள் போய்விட்டது, யார் கண்ணுக்கும் தெரியாது. கம்பிகள் அதற்கான ரசீது. ரசீதைக் கிழித்துப் போடச் சொன்னால் யாருக்கு மனம் வரும்?

பொறியாளர்களின் ஆட்சேபம் கடுமையானது. அதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். பழைய கம்பியோடு புதுக்கம்பியைச் சேர்த்துக் கட்ட, கம்பியின் தடிமனைப்போல் ஐம்பது மடங்கு நீளம் வேண்டும் என்பது மேஸ்திரிகளின் வாய்ப்பாடு. 16 மில்லிமீட்டர் கம்பிக்கு அது 80 சென்டிமீட்டர். அந்த நீளத்தைச் சிமென்ட் பால் பூசியோ, மெலிந்த காங்கிரீட்டால் மூடியோ காப்பாற்றாமல் மழைக்கு விட்டால் துரு மேலிருந்து கீழே இறங்கும். துரு ஏறிய கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பதினைந்து வருடம் நனைந்த கம்பியை நம்பி மாடி எழுப்பலாமா என்று கேட்டால், கூடாது என்பதே பதில். இது என் கட்சிக்கு எதிரான சாட்சி போலத் தெரிந்தாலும் ஆதரவான சாட்சிதான். மாடி எழுப்பப் போகிறவர் கம்பியை மூடி வைப்பார். நம்மவர் தண்ணீர் பாட்டில் கவிழ்த்ததோடு நிறுத்திக்கொண்டார். அதுவும் பேரன் கண்ணில் குத்திவிடக் கூடாது என்பதற்காக.

இந்தக் குணம் திருத்தணியோடு முடிவதில்லை. மெக்சிகோ நாட்டில் இப்படிக் கூரையில் நீட்டி நிற்கும் கம்பிகளுக்கு ‘நம்பிக்கைக் கம்பிகள்’ என்றே பெயர். எகிப்தின் நகர ஓரங்களிலும் இதே காட்சிதான். கட்டி முடிக்காத வீட்டுக்கு வரி குறைவு, அதனால்தான் கம்பி என்று சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கம் இங்கே பொருந்தாது. நம்மவர் இருக்கிற மாடிக்கு முழு வரி கட்டிவிட்டு, இல்லாத மாடியை அண்ணாந்து பார்க்கிறவர்.

அடுத்து வருபவர் வளர்ச்சிக்காரர். ஊர் வளர்கிறது, சென்னையின் விளிம்பு நகர்ந்துகொண்டே வருகிறது, இன்னும் இரண்டு மாடி மினி ஹாலோடு உட்கார்ந்திருந்தால் எப்படி என்பது அவர் வாதம். விளிம்பு நகர்வது மெய்தான். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 8,878 ஆக விரித்து, திருவள்ளூர் மாவட்டம் முழுவதையும் சேர்க்கலாம் என்று 2018-இல் ஒரு யோசனை வந்தது. 2022-இல் அது 5,904 ஆகச் சுருங்கியது. யோசனை விரிந்தபோது மனை விலை ஏறியது போல, சுருங்கியபோது இறங்கியிருக்க வேண்டும் என்று தர்க்கம் படித்தவர்கள் நினைக்கலாம். மனைத் தரகர்கள் தர்க்கம் படித்ததில்லை. கோடு நகர்வது இந்த ஊருக்குப் புதிதுமில்லை. 1959 ஆகஸ்டில் மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி.யின் பதினாலு மாடியைத் திறந்து வைத்தபோது திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. பதினாலு மாடி பார்க்க அன்றே ரயில் ஏறிய ஊர்க்காரர்கள் திரும்பி வந்து ஓட்டு வீட்டின்மேல் என்ன கனவு கண்டார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

கனவு இருக்கட்டும், சட்டத்தில் உயர்மாடிக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால் மனையின் பரப்பைப்போல் 3.25 மடங்கு வரை கட்டிக்கொள்ளலாம். ‘மூணேகால் மடங்கு’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் கண் விரியும். ஆனால் அதே விதி, உயர்மாடிக் கட்டடத்தைச் சுற்றி நாலு பக்கமும் குறைந்தது 7 மீட்டர் காலி இடம் விடச் சொல்கிறது; தீயணைப்பு வண்டி சுற்றி வரவேண்டுமே. அவருடைய மனை 40-க்கு 60, ஒரு கிரவுண்டு. 7 மீட்டர் என்பது 23 அடி; இரு பக்கமும் சேர்த்து 46. நாற்பதில் நாற்பத்தாறு போனால் கட்டடத்தின் அகலம் மைனஸ் ஆறடி. பக்கத்து வீட்டுக்காரர் மனையில் மூன்றடி இந்தப் புறமும் மூன்றடி அந்தப் புறமும் வாங்கினால், அகலமே இல்லாத ஒரு உயர்மாடியைச் சட்டப்படி எழுப்பலாம்.

பல மனைகளைச் சேர்த்தால் முடியுமே என்பார் வளர்ச்சிக்காரர். முடியும். 2022-இல் இயற்றிய தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது. அந்தச் சலுகை அடுக்குமாடிக்காரர்களுக்கு. நம்மவர் வீட்டில் பத்திரம் அப்பா பெயரில். அப்பா படத்துக்கு மாலை போட்டு வருடங்கள் ஆகின்றன. 1989-க்குப் பின் பெண்பிள்ளைகளுக்கும் சம பங்கு. அதில் ஒரு தங்கை நகரியில் வாழ்க்கைப்பட்டவள். மாநில எல்லையை 1960-இல் மாற்றினார்கள், கொள்வினை கொடுப்பினையை யாராலும் மாற்ற முடியவில்லை. தங்கை புருஷன், அதாவது பாவா, மனம் வைத்தால்தான் அவள் கையெழுத்துப் போடுவாள். பாவாவுக்கு 2009-இல் நடந்த ஒரு கிரகப்பிரவேசத்தில் சரியாக மரியாதை செய்யவில்லை என்று குறை. இங்கே மூன்றில் இரண்டு எல்லாம் செல்லாது. முழுச் சம்மதம் வேண்டும், அது ஒரு மாமாங்கத்துக்கு ஒரு முறை கிடைத்தால் அதிகம். கம்பிகள் அதுவரை காத்திருக்கும். அவை காத்திருப்பதால்தான் யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

மூத்த மகன் சென்னையில் வேலை பார்த்து, பதினெட்டாவது மாடியில் ஃப்ளாட் வாங்கிவிடுவான். கிரகப்பிரவேசத்துக்குப் போகும் நம்மவர் பால் காய்ச்சியதும் பால்கனிக்கு வருவார். கீழே எட்டிப் பார்க்க மாட்டார், தலை சுற்றும். ‘மொட்டை மாடி எங்கடா?’ என்பார். அது பொதுவானது என்று மகன் பிரிக்கப்படாத பங்கைப் பற்றி விளக்குவான். பொது என்றால் யாருடையது என்று கேட்பார். லிஃப்டில் உச்சி வரை போய், அங்கிருந்து ஒரு படிக்கட்டு ஏறி, பூட்டிய இரும்புக் கதவின் முன் நிற்பார். சாவி அசோசியேஷன் செயலாளரிடம் இருக்கும். கதவின் மேல் இருக்கிற சின்னக் கம்பிவலை வழியாக எட்டி, தண்ணீர்த் தொட்டிகளையும் சோலார் தகடுகளையும் தாண்டி, பில்லர் தலைகளை ஒவ்வொன்றாகத் தேடுவார். எல்லாம் பூசி, வெள்ளை அடித்து, மழமழவென்று இருக்கும்.

‘முடிச்சே விட்டாங்களா?’ என்பார்.