ஒரு ராத்திரி, இரண்டு பகல்

ஜப்பான் தேசத்தில் நாலு பேர் சேர்ந்து ஓரிடத்துக்குப் போவதென்று தீர்மானித்துவிட்டால், எங்கே போவது, எப்போது போவது என்பதையெல்லாம் யோசிப்பதற்கு முன்னால் அவர்கள் செய்கிற முதற் காரியம், தங்களுள் ஒருவரைப் பொறுக்கியெடுத்துப் பிரயாண சுகத்திலிருந்து அடியோடு விலக்கி வைப்பதுதான். அப்படி விலக்கி வைக்கப்பட்டவருக்குக் கன்ஜி என்று பெயர். காரியாலயத்தின் வருஷாந்தர உல்லாசப் பிரயாணமாயினும் சரி, கூடப் படித்தவர்கள் முப்பது வருஷங் கழித்துச் சந்திப்பதாயினும் சரி, தெருச் சங்கத்துப் பெரியவர்கள் வெந்நீர் ஊற்றில் முழுகி வருவதாயினும் சரி, கன்ஜி இல்லாமல் அங்கே ஒரு காரியமும் நடவாது. பதவிக்குச் சம்பளம் கிடையாது. நன்றி உண்டு, அதுவும் விருந்து முடிந்து எல்லோரும் எழுந்திருக்கிற அவசரத்தில் சொல்லப்படுவது. ஆகையால் யாரும் இதை விரும்பி ஏற்பதில்லை என்பது சம்பிரதாயம். பெயர் பிரஸ்தாபமானதும் கையை வீசி மறுப்பதும், "எனக்கு ஏது அந்தச் சாமர்த்தியம்?" என்று குனிந்து குனிந்து சொல்லுவதும் கிரமப்படி நடந்தேறும். ஆனால் அன்று மாலை அதே மனிதர், ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில், அந்தத் தேசத்து ரயில்கள் அனைத்தின் போக்குவரத்தும் அச்சிட்ட கனத்த கால அட்டவணையொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பதை நாம் காணலாம்.

டோக்கியோக் காரியாலயமொன்றின் கன்ஜிக்கு நேரக்கூடிய மகா சோதனை, "இந்த வருஷம் கியோட்டோவுக்குப் போகலாமே" என்று பிரிவுத் தலைவர் திருவாய் மலர்ந்துவிடுவதுதான். அதாமியைப் போன்ற வெந்நீர் ஊற்று ஊர் என்றால், போனதும் குளித்து, குளித்ததும் உண்டு, உண்டதும் உறங்கலாம். தலைகளை எண்ணுவதோடு கன்ஜியின் பொறுப்பு தீர்ந்தது. கியோட்டோவோ 794-ஆம் வருஷம் முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட வருஷங்கள் சக்கரவர்த்திகளின் வாசஸ்தலமாயிருந்த நகரம். 1994-இல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் அதையும் பக்கத்து ஊர்கள் இரண்டையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது, அவர்கள் பொறுக்கியெடுத்த ஸ்தலங்களே 17. பிரிவிலுள்ளவர்கள் எல்லோரும் பள்ளிப் பிராயத்தில் உபாத்தியாயர்களோடு அங்கே போய் வந்தவர்கள்தான் என்றாலும், ராத்திரி விடுதியில் தலையணைகளை வீசிச் சண்டை போட்டதைத் தவிர வேறொன்றும் அவர்கள் ஞாபகத்தில் இல்லை. ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை. கணக்குப் பார்க்கும் கிழவருக்கு ஸன்ஜூஸன்கென்தோ மண்டபத்தின் 1001 கன்னோன் விக்கிரகங்களையும் தரிசிக்க வேண்டும். இளைஞர்களுக்கு ஃபுஷிமி இனாரி மலையில் ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்களின் கீழே ஏறி இறங்க வேண்டும். ஓர் அம்மாள் பாசிக் கோயில் என்று பிரசித்தி பெற்ற ஸைஹோஜிக்குப் போயே தீர வேண்டுமென்கிறாள். அங்கே முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி பெற்றாலொழிய நுழைய முடியாது. அனுமதி பெற்றுப் போனாலும் முதலில் உட்கார்ந்து பௌத்த சூத்திரத்தைத் தூரிகையால் எழுதிவிட்டுத்தான் தோட்டத்துக்குள் போக வேண்டும். அவரவர் கையெழுத்தின் வேகத்துக்குத் தக்கபடி நேரம் ஆகுமென்று கேள்விப்பட்ட அந்தக் கணமே, கன்ஜி அதன் பெயரைச் சிவப்பு மசியால் அடித்துவிட்டார்.

திட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்ததனால் இந்த நகரத்தின் குணத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கன்மு சக்கரவர்த்தி 784-இல் நாகஓகா என்னுமிடத்தில் ஒரு தலைநகரத்தை நிர்மாணித்து, பத்து வருஷத்துக்குள் அதை அப்படியே கைவிட்டுக் கியோட்டோவுக்கு வந்தவர். சீன தேசத்து சாங்ஆன் நகரத்தை மாதிரியாகக் கொண்டு, கிழக்கு மேற்காகவும் தெற்கு வடக்காகவும் நூல் பிடித்தாற்போல் வீதிகளை வகுத்து, இடப்பாதி வலப்பாதி என்று சரிசமமாக ஊரைப் பிரித்து அவர் போட்ட திட்டத்தில் ஒரு குறையும் காண முடியாது. குறையெல்லாம் ஊரிலேதான். மேற்குப் பாதி சதுப்பு நிலமாயிருந்தபடியால் ஜனங்கள் ஒவ்வொருவராகக் கிழக்கே நகர்ந்தார்கள். இருநூறு வருஷத்துக்குள் மேற்கே பாழடைந்துபோய், கிழக்கே ஆற்றைத் தாண்டியும் ஊர் வளர்ந்துவிட்டது. இது போதாதென்று, பின்னால் வந்த துறவிகளும் தேநீர்க் கலைஞர்களும், வருகிறவர்களைத் தாமதப்படுத்துவதையே ஒரு சாஸ்திரமாக வளர்த்தார்கள். தேநீர்க் குடிலுக்குப் போகும் பாதையில் நடைக்கற்களைச் சமதூரத்தில் பதிக்காமல், காலடியைப் பார்த்துப் பார்த்து நடந்தாலொழிய இடறும்படி பதித்துவைத்தார்கள். உள்ளே போகிறவனுடைய மனத்தின் ஓட்டம் அதற்குள் அடங்கிவிட வேண்டும் என்பது அவர்கள் கருத்து. சக்கரவர்த்தியின் ஆக்ஞைக்கே இணங்காத ஊர் ஒரு குமாஸ்தாவின் கால அட்டவணைக்கு இணங்குமா என்ற சந்தேகம் நமக்கு எழுகிறது. கன்ஜிக்கு எழுவதில்லை.

அவருக்கு நம்பிக்கையை அளிப்பது ஒத்திகைப் பிரயாணம். மனசாட்சியுள்ள கன்ஜி, ஒரு மாதத்துக்கு முன்னாலேயே, கைக்காசைச் செலவிட்டுத் தன்னந்தனியாகக் கியோட்டோவுக்குப் போய், பின்னால் எல்லோரும் நடக்கப்போகிற பாதையைத் தாம் ஒருவராக நடந்து பார்த்துவிட்டு வருகிறார். கியோமிஸுக் கோயிலின் மரமேடையிலே, 13 மீட்டர் பள்ளத்துக்கு மேலே, நகரம் முழுவதும் கண்ணெதிரே விரிந்து கிடக்கையில், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முற்காலத்தில் வேண்டுதல் நிறைவேறும் என்று நம்பி அந்த மேடையிலிருந்து குதித்தவர்கள் உண்டு. 1872-இல் அதிகாரிகள் அதைத் தடுத்துவிட்டார்கள் என்பதை அங்கே அறிந்தபோது, கவலையில் ஒன்று குறைந்ததென்று அவர் மனப்பூர்வமாக சந்தோஷப்பட்டார். கோயிலிலிருந்து இறங்கும் ஸன்னென்ஸகாப் படிக்கட்டில் தடுக்கி விழுந்தவன் மூன்று வருஷத்துக்குள் இறந்துபோவான் என்பது பழைய நம்பிக்கை. கன்ஜி அதை நம்புகிறாரா என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் அவருடைய குறிப்புப் புத்தகத்தில் அந்த இறக்கத்துக்கு நேராக "இரண்டு நிமிஷம் கூடுதல்" என்று எழுதியிருக்கும்.

தேதி நிச்சயிப்பதில்தான் அவருக்கும் இயற்கைக்கும் முதல் பிணக்கு. இலையுதிர் காலத்து மேப்பிள் மரங்களுக்காக ஜனங்கள் மொய்க்கும் நவம்பர்க் கடைசியில் விடுதி வேண்டுமென்றால் கோடைகாலத்திலேயே சொல்லிவைத்துவிட வேண்டும். மரமோ, இரவுக் குளிர் 8 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கிய பிறகுதான் சிவக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பிக்கிறது. ஆகவே பிரயாணிகளும், விடுதிக்காரரும், ரயில்வேக்காரரும் சம்மதித்து முடித்த ஓர் ஏற்பாட்டில் முக்கியஸ்தரின் சம்மதம் மட்டும் கடைசிவரை கிடைப்பதில்லை. அக்டோபர் முழுவதும் கன்ஜி காலையில் எழுந்தவுடன் கியோட்டோவின் தட்பவெப்பத்தைப் பார்ப்பார். அங்கே வெயிலடித்தால் இங்கே அவர் முகம் வாடும்.

இனி, பணவிஷயம். கியோட்டோ நகர பஸ்ஸில் ஒரு முறை ஏறி இறங்க 230 யென். நாள் முழுவதும் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் சுற்றக்கூடிய சீட்டு 1,100 யென். நாலு முறை ஏறினால் 920 யென்தான் ஆகிறது. சீட்டு வாங்கியதில் நஷ்டம். ஐந்து முறை ஏறினால் 1,150 ஆகி, தலைக்கு 50 யென் லாபம். கன்ஜி எவ்வளவு கூட்டிக் கழித்தும் நாலு சவாரிக்கு மேல் தேவைப்படவில்லை. அதற்காக அந்த லாபத்தை விட்டுவிட முடியுமா? தங்க மண்டபமாகிய கின்காகுஜியிலிருந்து ரியோஆன்ஜி கோயிலுக்கு மலையடிவாரத்தையொட்டி இருபது நிமிஷத்தில் நடந்துபோய்விடலாம். அந்த இருபது நிமிஷ நடை திட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாக 59-ஆம் எண் பஸ் சேர்க்கப்பட்டது. பஸ்ஸுக்காகக் காத்து நின்றது இருபத்தைந்து நிமிஷம் என்பது வேறு விஷயம்.

இத்தனை ஆலோசனைகளும் திரண்டு உருப்பெறும் கிரந்தத்துக்கு ஷியோரி என்று பெயர். பள்ளிக்கூடப் பிரயாணங்களில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சிறு புஸ்தகத்தின் வழிவந்தது அது. அட்டையிலே கோபுரத்தின் சித்திரம். உள்ளே நிமிஷவாரியாக நிகழ்ச்சி நிரல், கொண்டுவர வேண்டிய சாமான்களின் ஜாபிதா, ரயில் ஆசன வரிசை, விடுதியில் யார் யாருக்கு எந்த அறை என்ற விவரம். இந்த அறை ஒதுக்கீட்டில் அடங்கியிருக்கிற ராஜதந்திரம் வெளிப்பார்வைக்குத் தெரியாது. குறட்டை விடுகிறவர்கள் யார் என்பதை அவர்களிடமே கேட்கலாகாது; மனைவியரிடம் கேட்பது அதைவிட அபாயம்; சென்ற வருஷம் பக்கத்துப் படுக்கையில் படுத்தவர்களை ஒவ்வொருவராகத் தேநீருக்கு அழைத்து, பேச்சோடு பேச்சாகத்தான் விஷயத்தைக் கறக்க வேண்டும். ரயில் ஆசனமும் லேசானதல்ல. கியோட்டோவுக்குப் போகிற நோஸோமி ரயிலில் ஃபூஜி மலை தெரிவது வலப்பக்கத்து E வரிசை ஜன்னல்களில். அவற்றை உத்தியோக கிரமப்படி பங்கிட்டாக வேண்டும். அன்று மலை மேகத்துக்குள் மறைந்திருந்தால், கன்ஜி ஒவ்வொரு E ஆசனத்தின் அருகிலும் போய் நின்று, மலையின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுவார்.

நேர ஒதுக்கீட்டைப் படித்தால் கன்ஜியின் அந்தரங்கம் புலப்படும். கியோட்டோ நிலையத்தில் சொந்தக்காரர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் யாட்ஸுஹஷி பலகாரப் பெட்டிகள் வாங்க நாற்பது நிமிஷம். தங்க மண்டபத்துக்கு இருபத்தைந்து. இது நியாயமா என்று ஒருவர் கேட்டார். கன்ஜி பணிவோடு, ஆனால் உறுதியோடு, பதில் சொன்னார்: "அஷிகாகா யோஷிமிட்ஸு கட்டிய அசல் மண்டபத்தை 1950-இல் ஓர் இளந்துறவி கொளுத்திவிட்டார். இப்போது இருப்பது 1955-இல் எழுப்பியது. அசலாக இருந்திருந்தால் பத்து நிமிஷம் கூடவே ஒதுக்கியிருப்பேன்."

ரியோஆன்ஜியில்தான் விபரீதம் நேர்ந்தது. வெண்சரளை பரப்பிய அந்தத் தோட்டத்தில் 15 கற்கள் இருக்கின்றன. தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மற்றொன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். அதற்குக் கன்ஜி கொடுத்திருந்த அவகாசம் இருபது நிமிஷம். கல்லுக்கு ஒரு நிமிஷம் இருபது விநாடி என்று கணக்கிட்டால் தாராளம்தான். பிரிவுத் தலைவர் உட்கார்ந்து எண்ணினார், பதினாலு வந்தது. பத்தடி நகர்ந்து உட்கார்ந்து எண்ணினார், மறுபடியும் பதினாலு. முப்பது வருஷமாக வரவு செலவு அறிக்கைகளில் ஒரு யென்கூட உதைக்க விடாத மனிதர் அவர். கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மறு கோடியில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இருபது நிமிஷம் முப்பதாயிற்று. கன்ஜி இருமினார், கைக்கடிகாரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், பக்கத்தில் மண்டியிட்டு ஷியோரியைத் திறந்து மூடினார். பிரிவுத் தலைவரைப் பார்த்து எழுந்திருங்கள் என்று சொல்லும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை. கடைசியில் அவர் காதருகே குனிந்து, "மன்னிக்க வேண்டும், தலைவரே. அந்தப் பதினைந்தாவது கல் பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியுமென்று உள்ளூர்க்காரர்கள் சொல்லுகிறார்கள்" என்றார். தலைவர் கோட்டைக்கூட மாட்டிக்கொள்ளாமல் எழுந்து நடந்தார். பொய்யையும் சேர்த்துத்தான் கன்ஜியின் தர்மம் என்பது என் அபிப்பிராயம்.

ராத்திரி விருந்திலே கன்ஜியின் நிலைமை கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவருடைய நிலைமை. அலங்கார மாடத்துக்கு முன்னாலுள்ள உயர்ந்த ஆசனம் தலைவருக்கு. வாசற் கதவோரம், காற்றடிக்கிற இடம், கன்ஜிக்கு. தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளுவது அங்கே மரியாதையல்லவாகையால், எல்லோருடைய கோப்பையையும் அவர் நிரப்பிக்கொண்டே வருவார். அவருடைய கோப்பையை நிரப்ப வேண்டுமென்று யாருக்காவது தோன்றுகிற சமயத்தில் அவர் சமையற்கட்டில் நின்று, அடுத்த பதார்த்தம் ஏன் மூன்று நிமிஷம் தாமதம் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் கணக்கு வந்துவிடும், ரசீதுகளோடு. தலைக்கு மிச்சம் 63 யென், சிறு உறையில் இட்டு, ஒவ்வொருவர் மேஜைமேலும். இத்தோடு அவர் பதவி தீர்ந்தது என்று நாம் நினைப்போம். ஆனால் கன்ஜியாயிருந்தவரைவிடப் பயங்கரமான பிரயாணி உலகத்தில் இல்லை என்பது அடுத்த வருஷம் வேறொருவர் அந்தப் பதவியில் அமரும்போதுதான் வெளிப்படும். புதிய கன்ஜி ஓர் இளைஞர். இந்த முறை நாராவுக்குப் போவதென்றும், தோதாய்ஜியில் மகா புத்தரைத் தரிசிப்பதென்றும், அங்கே புத்தருடைய மூக்குத் துவாரத்தின் அளவு என்று சொல்லப்படுகிற துளையொன்று ஒரு தூணின் அடியில் இருப்பதால், அதில் புகுந்து வந்தவருக்கு ஞானம் உண்டாகும் என்ற ஐதிகப்படி விருப்பமுள்ளவர்கள் புகுந்து பார்க்கலாமென்றும் அவர் உற்சாகமாக வாசித்தார். பழைய கன்ஜி பின்வரிசையிலிருந்து மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"நல்ல திட்டம். அந்தத் துளை சுமார் 37 சென்டிமீட்டர் உயரம், 30 அகலம். ஒருவர் புகுந்து வெளியே வர எத்தனை விநாடி ஆகுமென்று பார்த்துவிட்டீர்களா?"

"இன்னும் இல்லை" என்றார் இளைஞர்.

"போகட்டும். தலைவரின் இடுப்பளவாவது தெரியுமா?"