தரைக்குக் கீழே என் ராஜ்ஜியம்

ஆஸ்திரேலியாவில் கேரவன் கண்காட்சிக்குப் போனால், தம்பதிகள் வாசலிலேயே இரண்டாகப் பிரிவதைப் பார்க்கலாம். ஒருவர் உள்ளே ஏறி மெத்தையை அமுக்கிப் பார்ப்பார். இன்னொருவர் வெளியே குனிந்து, மண்டியிட்டு, கடைசியில் வெட்கத்தை விட்டு மல்லாந்து படுத்து அடிப்பாகத்துக்குள் தலையை நுழைப்பார். எங்கள் வீட்டில் இது எழுதாத ஒப்பந்தம். தரைப்பலகைக்கு மேலே மனைவியின் ஆட்சி, கீழே என் ஆட்சி. மேலே ஏசி, கீழே சிவப்பு மண்.

கோடம்பாக்கத்து நட்சத்திரங்களின் கேரவனில் ஏறி உட்கார்ந்தால் போதும். எங்களுடையதைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். அதன் பக்கவாட்டில் ‘ஆஃப் ரோடு’ என்று எழுதிவிட்டால் விலையும் ஏறிவிடும். எழுதியது மெய்தானா என்று தீர்ப்பு சொல்ல, டெர்பி ஊருக்குக் கிழக்கே சுமார் 660 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிப் ரிவர் ரோடு காத்திருக்கிறது. பண்ணை மாடுகளைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போக அமைத்த மண்பாதை. வண்டிகள் ஓடி ஓடிக் குறுக்கே வரிவரியாக மேடு விழுந்திருக்கும். அதன்மேல் ஒரு மணி நேரம் போனால், கழல்வதே தன் பிறவிப்பயன் என்று ஒவ்வொரு நட்டும் நம்பத் தொடங்கிவிடும்.

எனவே சாயங்காலமானால் டார்க் ரெஞ்சோடு கீழே போய்விடுவேன். யூ-போல்ட், ஷாக் அப்சார்பர், சக்கர நட்டு என்று ஒவ்வொன்றையும் நலம் விசாரிக்க வேண்டும். சேஸிஸில் விரிசல் தேடுவது தனிக் கலை. அது பளிச்சென்று தெரியாது. வெல்டிங் ஓரத்தில், தூசிப் படலத்தின்மேல், முடியளவு துருக்கோடாக ஓடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடும்போதுதான் மேலிருந்து குரல் வரும்: “என்னங்க, சர்க்கரை டப்பாவை எங்கே வச்சீங்க?”

டயர் விஷயத்தில் இரு ராஜ்ஜியங்களுக்கும் எல்லைத் தகராறு உண்டு. மண்பாதை தொடங்கும் இடத்தில் காற்றை இறக்க வேண்டும். அப்போதுதான் டயர் குலுக்கலைத் தான் வாங்கிக்கொள்ளும், கூர்கல்லுக்கும் வளைந்து கொடுக்கும். வேகத்தையும் கூடவே குறைக்காவிட்டால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். “நல்லா அடிச்சு வச்ச காத்தை எதுக்குங்க இறக்கறீங்க? ஊர் வந்ததும் மறுபடி அடிப்பீங்க. இதுக்கு முதல்லயே அடிக்காம இருந்திருக்கலாம்ல?” இந்தத் தர்க்கத்துக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கிழடாகும். மேலே பட்டன் புதிதாக இருக்கும், பக்கச்சுவரில் வெடிப்பு ஓடும். அங்கே பொறித்திருக்கும் 4 இலக்கம்தான் அதன் ஜாதகம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. முகாம்களில் அடுத்தவர் டயரின் ஜாதகத்தையும் நான் பார்ப்பதுண்டு. சொந்தக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. என் வண்டிக்கு அடியில் அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிரேக் சட்ட சமாச்சாரம். சக்கரங்களின்மேல் 2 டன்னுக்குமேல் எடை இறங்கினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும். வண்டி காரிலிருந்து கழன்றுகொண்டால் பிரேக் தானாகப் பிடித்து, 15 நிமிடமாவது பிடித்தபடியே இருக்கவும் வேண்டும். கழன்ற சமையலறையைத் துரத்திப் பிடிக்கும் என் வயதுக்காரனின் ஓட்டத்தைச் சட்டம் சரியாகக் கணித்திருக்கிறது. பிரேக் டிரம்முக்குள் மின்காந்தம் ஒன்று ஒட்டி இழுத்து பிரேக் ஷூவை விரிக்கும். அதில் சேரும் புழுதியை ஊதித் தள்ளக்கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

பேரிங்குக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது வருடத்துக்கொரு முறை புது கிரீஸ். கிப் ரிவர் ரோட்டில் குறுக்கிடும் பெண்டகோஸ்ட் ஆற்றில் இறங்குமுன் கரையில் நின்று சக்கரத்தின் ஹப்பை ஆறவைப்பதும் பேரிங்கைக் காப்பாற்றத்தான். கொதிக்கும் ஹப் குளிர்ந்த நீரில் முங்கினால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, சீல் வளையத்தைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால் நிறமாகிப் பேரிங் பாழாகும். அது உப்புநீர் முதலைகள் உலவும் ஆறு. கீழே படுத்து வேலை செய்பவனைத் தவிர யாரும் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஹப் சூட்டைத் தொடாமலே சொல்லும் லேசர் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கியிருந்தேன். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ மக்கர் செய்கிறது என்று அர்த்தம். அந்தக் கருவி ஒருநாள் கீழ் ராஜ்ஜியத்திலிருந்து காணாமல் போய், மேலே தோசைக்கல்லின் பக்கத்தில் அகப்பட்டது. முறுகலுக்குச் சரியான டிகிரி தெரிந்துவிட்டதாம். திருப்பித் தர மாட்டாள். அதனால் இப்போதெல்லாம் நிற்கிற இடத்தில் அவளே இறங்கி, மாவு ஒட்டிய கையோடு ஒவ்வொரு சக்கரமாகக் குறிபார்த்துச் சுடுகிறாள்.

“எல்லாம் 58 டிகிரிதான். இதுல தோசை வேகாது. கிளம்பலாம், வாங்க.”