தே தாரிக்கில் சீனி குறைத்தல்: ஒரு கைசன் விசாரணை

மனிதன் ஒரே இராத்திரியில் உத்தமனாகிவிட வேண்டியதில்லை, நாள்தோறும் கடுகளவு திருந்தி வந்தாலே போதும் என்னும் ஜப்பானியரின் கைசன் தத்துவத்தை மசாக்கி இமாய் 1986-இல் நூலாக்கி உலகறியச் செய்தார். ஆயினும், அலோர் ஸ்டாரில் பிறந்த மகாதீர் மலேசியப் பிரதமராயிருந்து 1982-இலேயே கிழக்கை நோக்கும்படி நாட்டுக்குப் பிரகடனம் செய்தமையாலும், 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபின் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பால்வாளியைத் தொடாமலே ஆலை வேலைக்குப் போனமையாலும், ஜப்பானிய வேலை ஒழுக்கம் கெடா வாசிகளுக்கு அந்நியமானதன்று. ராஜேந்திர சோழன் கெடாவாகிய கடாரம் கொண்ட 1025-ஆம் ஆண்டோடு இதை முடிச்சுப்போட்டு, கைசன் தமிழருடையதே என்று நிறுவிவிடலாமே என அன்பர் ஒருவர் ஊக்கினார். அத்தகைய ஆராய்ச்சிகள் நம்மிடம் ஏற்கெனவே ஏராளமாக இருப்பதால் அதைத் தவிர்த்தோம். ஜப்பான் என்றதும், யுத்தகாலத்தில் ஜப்பானியரால் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமற் போன தகப்பனை நினைக்கும் முதியோர் இன்னும் இங்கே உண்டு. அவர்களிடம் இத்தத்துவத்தை விளம்பும் தைரியமும் நமக்கில்லை.

நம் ஆராய்ச்சிக்கு உட்பட்டவர் சுங்கை பட்டாணியில் வசிக்கும், ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி ஒருவர். இனிப்பு நீர் கண்டு வைத்தியர் எச்சரித்தபொழுது, சீனியை ஒரேயடியாக விட்டொழிப்பது கைசனுக்கு விரோதம் என்று தீர்மானித்த அவர், தாம் வழக்கமாகத் தே தாரிக் அருந்தும் ஒட்டுக்கடையில் வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் இறக்கிவரும்படி உத்தரவிட்டார். "தம்பி, இந்த வாரம் இன்னும் கொஞ்சம் கம்மி." "சரிங்கய்யா." இனிப்பு படிப்படியாகக் குறைந்து வருவதை நாக்கு நன்றாக உணர்கிறது என்று அவர் வாராவாரம் நண்பர்களிடம் சாட்சியம் பகர்ந்தார். சீனி சூனியமாகிவிட்ட வாரத்தில் தேநீரின் உண்மையான ருசி இப்பொழுதுதான் தெரிகிறது என்றுகூடச் சொன்னார். இரத்தப் பரிசோதனை மட்டும் இந்த அபிவிருத்தியை அங்கீகரிக்க மறுத்துவிட்டது.

ஒரு பிழை கண்டால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்பது டோயோட்டாவின் தைச்சி ஓனோ வலியுறுத்திய முறை. அதன்படி விசாரணை தொடங்கிற்று. இரண்டாவது 'ஏன்'னிலேயே முடிந்தும்விட்டது.

"தே தாரிக்குக்கு நான் எப்பங்கய்யா சீனி போட்டேன்? டின்பால்ல இருக்கிற இனிப்பே தாராளம்."

"பிறகு ஏன்டா சரி சரின்னு தலையாட்டினே?"

"நீங்க சந்தோஷமா குடிச்சீங்களே!"

எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரையாகவே இருக்கும் டின்பால், அத்தனை மாதமும் ஒரு துளி குறையாமல் குவளையில் இறங்கிக்கொண்டிருந்தது. அரசாங்கமும் 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்ததே தவிர, அடைத்து விற்பவற்றோடு நின்றுகொண்டது. எட்டி உயர்த்தி இழுத்து ஆற்றும் தேநீர்மேல் கை வைக்க எந்த அரசாங்கத்துக்குத்தான் துணிவு வரும்!

இங்கே நம் சித்தாந்தம் தொடங்குகிறது. இதே கிராணியார் தோட்டத்தில் இருந்த காலத்தில், நிரை முடித்து ரப்பர்ப் பால் கொண்டுவந்து ஊற்றுபவர்களின் வாளியில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இட்டு, அது எவ்வளவு அமிழ்கிறது என்று குனிந்து பார்த்து, பாலில் தண்ணீர் கலந்திருப்பதை நொடியில் கண்டுபிடித்துவிடுவார். தண்ணீர் கலந்தவர் அழுதாலும் சிரித்தாலும் கருவி காட்டிய அளவையே கணக்கில் எழுதுவார். மரம் சீவுகிறவரும், பட்டையைத் தடித்துச் சீவினால் வீண், ஆழ வெட்டினால் மரத்துக்குக் காயம் என்பதைக் கங்காணியின் கண்ணுக்குப் பயந்தே கற்றுக்கொண்டார். நாளுக்கு நாள் திருந்துவதென்பது தோட்டத்திலும் ஆலையிலும் சித்திப்பதற்குக் காரணம், திருந்துகிறவன் ஒருவனாகவும் அளக்கிறவன் வேறொருவனாகவும் இருப்பதே. சுய அபிவிருத்தியிலோ தொழிலாளியும் தானே, கங்காணியும் தானே, கிராணியும் தானே ஆகிவிடுவதால், கணக்குப் புத்தகம் எப்பொழுதும் லாபத்தையே காட்டுகிறது.

இப்பொழுது அவர் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கைத்தான் அருந்துகிறார். உடன் உண்ணும் பீசாங் கோரேங்கை வாரத்துக்கு ஒரு துண்டு வீதம் குறைக்கும் இரண்டாம் கட்ட ஆராய்ச்சியைத் தீபாவளி கழியட்டும் என்று தள்ளிவைத்திருந்தார். அதற்குள் மேற்பார்வையை அவருடைய மனைவியார் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஓனோவைப்போல் அந்த அம்மாள் ஐந்து முறை 'ஏன்' கேட்பதில்லை. ஒரே முறைதான் கேட்கிறார், அதுவும் கடைக்காரத் தம்பியிடம்.