ஏரியோர ரவுட்டரில் கெப்பாசிட்டர் வீக்கம்: ஓர் ஆய்வு முன்னுரை

பழவேற்காட்டைப் பற்றி எழுதியோர் 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையைச் சுற்றியே வருகிறார்கள். குப்பத்து வீடுகளில் ஆணியில் தொங்கும் ரவுட்டரைப் பற்றி ஒரு வரி கிடையாது. அக்குறை போக்க எழுந்ததே இவ்வாய்வு. (கோட்டைக்குள் ரவுட்டர் இருந்ததற்குச் சான்றில்லை.)

ஆய்வுச் சிக்கல் வருமாறு: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் வாசலில் நின்றே பார்க்கலாம். இருந்தும் வீடே யூடியூப் முன்னால் உட்கார்ந்திருக்கும். கவுன்ட்டவுன் பத்தைத் தொடும்போது ரவுட்டர் அணைந்து மறுபடி எரியும். ஏன்?

அறிஞரிடையே மூன்று கட்சி. 'டவர் சரியில்லை' என்பது முதற்கட்சி. 'ஒரு தட்டு தட்டு' என்பது இரண்டாவது. செலவில்லாததால் ஆதரவு அதிகம். 'திறந்து பார்' என்னும் மூன்றாம் கட்சிக்கு ஊருக்கு ஒருவர் தேறினால் பெரிது: படகு எஞ்சினையும் மிக்சியையும் ஒரே ஸ்குரூடிரைவரால் பிரிப்பவர். நாம் அவர் பக்கம்.

திறந்தால் உப்புக்காற்றின் கைவரிசை தெரியும். போர்டில் படிந்த உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்க, செம்புத் தடம் பச்சை பூத்திருக்கும். ஆனால் பவர் ஜாக் அருகிலுள்ள கெப்பாசிட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தட்டையாக இருக்கவேண்டிய அதன் தலை, கரையில் போட்ட பேத்தை மீன் வயிறாக உப்பியிருக்கும். சூட்டில் உள்ளே இருக்கும் திரவம் கெட்டுவிட்டால் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கெப்பாசிட்டரால் தாங்க முடியாது. வேலை கூடும் நேரம் பார்த்து ரவுட்டர் விழுந்து எழும்.

அதைப் பிடுங்குவதில்தான் புலமை. ஈயத்துக்கு ஐரோப்பா 2006இல் கட்டுப்பாடு போட்ட பிறகு வந்த போர்டுகளில் பற்றவைப்பு உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். பழைய ஈயக் கம்பிக்கு 183 போதும். ஆகவே காலடியில் கொஞ்சம் சால்டரிங் பேஸ்ட் தடவி, பழைய கம்பியை உருக்கிக் கலந்துவிட்டால் பிடிவாதம் தளரும். ஒரு காலைச் சூடாக்கிச் சாய்க்க வேண்டும், பிறகு மறு காலை. நெகட்டிவ் கால் தாமதிக்கும். போர்டின் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். பொறுமையிழந்து இழுத்தால் ஓட்டைக்குள் இருக்கும் செம்புப் பூச்சும் கூடவே வரும். அத்தோடு ஆய்வு முடிந்தது.

உருகிய ஈயத்தை உறிஞ்சும் சக்கரால் ஓட்டையைச் சுத்தம் செய்து, அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல், 105 டிகிரி தாங்கும் புதியதைப் போடவேண்டும். பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் அதுவும் ஒரு ராக்கெட்தான், கவுன்ட்டவுன் இல்லாமல். முடிந்ததும் கையைக் கழுவாமல் கருவாட்டில் கைவைக்கலாகாது. ஈயம் உள்ளே போகும்.

வலை விரிக்கும் இடத்தையும் நாளையும் முறைவைத்துப் பகிரும் பாடு முறை பழவேற்காடு ஏரியில் தலைமுறைகளாக உண்டு. சால்டரிங் அயனுக்கு இன்னும் பாடு வகுக்கவில்லை. தேடும்போது அது எப்போதும் அடுத்த தெருவில் இருக்கிறது.

அடாப்டர் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள்ளே 325 வோல்ட் வரை சிறிது நேரம் காத்திருக்கலாம். கெட்டால் புதிது வாங்குக.