எட்டுச் சுற்றுக்கு நாலு மெட்டு

கேள்வி: ஸ்காட்லாந்து கிராமிய நடனத்தில் ஒரே ஆட்டத்துக்கு நாலு மெட்டு வாசிக்கிறார்களாமே, எந்த மெட்டும் முழுசாகத் தெரியாதோ?

பதில்: முழுசாகத் தெரிந்ததால்தான் மாற்றுகிறார்கள்! ஒரு மெட்டு வழக்கமாக 32 பார் (தாள அளவு). ரீல் என்ற விரைவான நடன வகையின் வேகத்தில் ஏறக்குறைய அரை நிமிடம். நாலு ஜோடி நிற்கும் வரிசையில் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை முன்னின்று ஆட வேண்டியிருப்பதால் எட்டுச் சுற்று. ஒரே மெட்டை எட்டுத் தடவை கேட்டால் முதலில் சலிப்பது காது. அடுத்த கணமே கால். அதனால் அந்த ஆட்டத்துக்கே உரிய மெட்டை முதலிலும் கடைசியிலும் வைத்து, நடுவில் வேறு மெட்டுகளைக் கோக்கிறார்கள். டி மேஜர் சுருதியில் ஓடும் ரீல் சட்டென்று ஏ மேஜருக்குத் தாவினால் ஃபிடிலின் ஏ, ஈ தந்திகள் விரல் படாமலே கணீரென்று சேர்ந்து ஒலிக்கும். களைத்த ஜோடியும் நிமிர்ந்துகொள்ளும்.

மெட்டு மாறினால் ஆடுகிறவர் தடுமாற மாட்டாரா? மாட்டார். அவர் கால் எண்ணுவது எட்டு பார் கொண்ட பகுதிகளை. மெட்டு எதுவானாலும் அவை அதே இடத்தில்தான் முடியும். அப்படியானால் எதையும் எதோடும் ஒட்டலாமா? கூடாது. ரீலுக்கு நடுவே ஜிக் என்ற வேறு வகை மெட்டைச் செருகினால் தாளமே வேறாகி அடி தவறும். தாளம் பொருந்தினாலும், துள்ளும் மெட்டுக்குப் பின் சோர்ந்த மெட்டு வந்தால் வேகம் குறையாமலே ஆட்டம் தொய்யும். ஹைலண்ட் பேக்பைப்பில் இருப்பதோ ஒன்பது சுரம்தான். ஃபிடிலைப் போல நினைத்தபடி சுருதி தாவ முடியாது. அங்கே மெட்டைத் தேர்ந்தெடுப்பவரின் காதுக்குத்தான் வேலை அதிகம்.