நடுவழி மாமா

எந்த எலெக்ட்ரிக் கார் ஷோரூமுக்குள் நுழைந்தாலும் அங்கே ஒரு நடுவழி மாமா உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, மடியில் நாலைந்து கம்பெனிகளின் விளம்பரத் தாள்கள். விலை கேட்க மாட்டார், நிறம் கேட்க மாட்டார். அவருக்கு ஒரே கேள்விதான்: "தம்பி, கன்னியாகுமரி போறப்ப நடுவழியில நின்னுட்டா?"

மாமா குடியிருப்பது நங்கநல்லூர், அலுவலகம் கிண்டி. போக வர பதினைந்து கிலோமீட்டர். வாரக் கடைசியில் மயிலாப்பூர் கோயில். வருஷத்துக்கு ஒருமுறை கும்பகோணம் பக்கம் குலதெய்வம். அதற்கும் முன்பதிவு திறக்கிற அன்றைக்கே காலை 8 மணிக்கு உட்கார்ந்து, உழவன் எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த் போட்டுவிடுவார். கன்னியாகுமரிக்கு அவர் கடைசியாகப் போனது கல்யாணமான புதிதில், அரசுப் பேருந்தில்.

இத்தனைக்கும் தன் பெட்ரோல் காரை ரிசர்வ் விளக்கு எரிய எரிய மூன்று நாள் ஓட்டுகிற தைரியசாலி. "இன்னும் நாப்பது போகும், பயப்படாதே" என்று மாமிக்கு ஆறுதல் வேறு. அதே மாமாவை டெஸ்ட் டிரைவில் பார்க்க வேண்டும். கண் ரோட்டில் இல்லை, பேட்டரி சதவீதத்தில். 62 என்பது 61 ஆன மறுகணம் ஏசியை அணைத்தார். பாட்டை நிறுத்தினார். போனைச் சார்ஜில் போட்டிருந்த ஷோரூம் பையனை முறைத்தார்.

"சார், ஏசி பெரிசா தின்னாது. நூறுல போறதை எண்பதுக்குக் குறைச்சா, அதுலதான் நல்லா மிச்சமாகும்" என்றான் பையன். உண்மைதான். நெடுஞ்சாலையில் சார்ஜை விழுங்குவது காற்றை எதிர்த்துப் போகும் வேகம். கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தந்தது. மீட்டரில் ஒரு கிலோமீட்டர் கூடியது. மாமா முகம் மலரவில்லை. "மீட்டர்ல ஏதோ பண்ணி வச்சிருக்காங்க" என்றார். ஆட்டோவில் ஏறி வளர்ந்த தலைமுறை அல்லவா!

அவர் சந்தேகத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2020-ல் வந்த முதல் நெக்ஸான் இவிக்குச் சான்றிதழ் 312 கிலோமீட்டர் என்றது. ரோட்டில் கிடைத்ததோ இருநூற்றுச் சொச்சம். அதனால் கம்பெனி சொல்லும் கணக்கில் முக்கால் பங்கைக்கூட நம்பாமல், கையிருப்பாக 20 சதவீதத்தை ஒதுக்கிவிட்டுப் பயணம் போடுவதுதான் ஓட்டுகிறவர்கள் வழக்கம்.

முடிச்சை அவிழ்த்தது மாமிதான். "ஏங்க, வண்டி எவ்வளவு போனா என்ன? நீங்க போக மாட்டீங்களே! செங்கல்பட்டுல காபி, மேல்மருவத்தூர்ல பாத்ரூம், திண்டிவனத்துல டிபன். சென்னையிலேர்ந்து நூத்தி இருபது தாண்டறதுக்குள்ள மூணு தரம் இறங்கற ஆளு நீங்க."

மாமா நெய் ரோஸ்ட்டை ஆற அமரச் சாப்பிட்டு, இரண்டாவது காபியும் குடித்து, கல்லாக்காரரோடு சில்லறைக்கு மல்லுக்கட்டி வெளியே வருவதற்குள், ஃபாஸ்ட் சார்ஜர் பாதிப் பேட்டரியையாவது நிரப்பியிருக்கும். எண்பது சதவீதத்துக்கு மேல் அது நத்தை வேகம். அங்கே காத்திருக்காமல் கிளம்பிவிடுவதே கெட்டிக்காரத்தனம்.

மாமா இன்னும் வாங்கவில்லை. இப்போது அவர் கேள்வி, "லடாக் போறப்ப?"

வாங்க நினைப்பவர்கள் கன்னியாகுமரியை விட்டுவிட்டு முதலில் உங்கள் பார்க்கிங்கைப் பாருங்கள். அங்கே ஒரு 15 ஆம்பியர் பிளக் இருந்தால், இரவு செருகிவிட்டுத் தூங்கலாம். காலையில் குறைந்தது நூறு கிலோமீட்டருக்குச் சார்ஜ் ஏறியிருக்கும். வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலிருந்தே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. அடுக்குமாடிக்காரர்கள் அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அசோசியேஷன் செயலாளரைப் பார்ப்பது நல்லது. நெடுஞ்சாலையைவிடக் கடினமான பயணம் அதுதான்.