பட்டியல்காரர்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கிறது போர்ட்லண்ட் நகரம். அங்கே பீருக்குப் பேர்போன பார்களில் சுவரோடு ஒரு கரும்பலகை தொங்கும். இருபது முப்பது பீர்களின் பெயர், ஆலை, ஊர், ஆல்கஹால் சதவீதம், விலை எல்லாம் சாக்பீஸில் எழுதியிருக்கும். எழுதியவர் பக்கத்திலேயே எங்காவது கிளாஸ் துடைப்பதுபோல் நின்று, பலகையைப் படிக்கிறவர்களின் முகத்தைப் படித்துக்கொண்டிருப்பார். அவர்தான் பட்டியல்காரர். எந்தக் குழாயில் எந்த பீர் ஓட வேண்டும் என்று முடிவு செய்பவர். முதலாளியே அந்த விஷயத்தில் வாயைத் திறக்க யோசிப்பார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். முன்கையில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் பச்சை குத்தியிருப்பார். ஏதாவது ஒரு பீர் ஆலையின் பெயர் போட்ட டி-ஷர்ட் போட்டிருப்பார். அந்த ஆலை மூடிப்போயிருந்தால் மவுசு அதிகம். 1896இல் தொடங்கிய சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 2023இல் மூடப்பட்ட பிறகு, பழைய ஆங்கர் சட்டை வைத்திருந்தவர்கள் அதைத் துவைக்கவே யோசித்தார்கள்.

கடை திறப்பதற்கு முந்தைய பகல் நேரம் அவருடைய தர்பார். விநியோகக் கம்பெனிகளின் ரெப்புகள், டாக்டர் வீட்டு வராந்தாவில் காத்திருக்கும் மெடிக்கல் ரெப் மாதிரி, மடியில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது, தயாரிப்பவர், விநியோகிப்பவர், விற்பவர் என்று அமெரிக்காவில் மது வியாபாரத்தை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். பெரிய ஆலைகள் பார்களை வளைத்துப்போட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே ஒரு குழாயைப் பிடிப்பதற்காக ரெப் பணமோ பரிசோ கொடுத்தால் சட்டம் பாயும். தாராளமாகக் கொடுக்கக்கூடியது புகழ்ச்சி ஒன்றுதான். "உங்க நாக்குக்கு இது பிடிக்கலைன்னா நாங்க கடையைச் சாத்திக்கலாம் சார்." அதுவும் எடுபடாவிட்டால் அடுத்த அஸ்திரம்: "ஆற்றுக்கு அந்தப் பக்கத்து பார்ல மூணு பீப்பாய் எடுத்துட்டாங்க."

ருசி பார்க்கும் படலத்தை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். சின்னக் கிளாஸில் இரண்டு விரல்கடை ஊற்றுவார்கள். பட்டியல்காரர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், சுழற்றுவார், மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுவார். "மாம்பழம்..." என்பார். ரெப் தலையாட்டுவார். "பைன் பிசின்..." ரெப் இன்னும் வேகமாகத் தலையாட்டுவார். "லேசா வெங்காயம்." தலை நின்றுவிடும். இது வெறும் நடிப்பல்ல. சில ஹாப்ஸ் வகைகளில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெங்காய, பூண்டு வாடையைக் கொண்டுவரும். வெண்ணெய் வாசம் அடித்தால் டைஅசெட்டில் என்ற சேர்மம். ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் ஆலைக்காரர் அவசரப்பட்டிருப்பார், அல்லது பாரில் குழாய் அழுக்காக இருக்கும். நல்ல பட்டியல்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியும். சுமாரானவர் எல்லாவற்றுக்கும் ஆலையைத்தான் திட்டுவார்.

தீர்ப்பு ஒருபோதும் நேராக வராது. "சுவாரஸ்யமா இருக்கே" என்றால் வேண்டாம். "லேபிள் அழகா இருக்கு" என்றால் வேண்டவே வேண்டாம். எதுவும் சொல்லாமல், "எத்தனை பீப்பாய் ஸ்டாக்?" என்று கேட்டால்தான் ரெப்புக்குப் போன உயிர் திரும்பும்.

தான் நாக்கை வைத்துத் தேர்ந்தெடுப்பதாகவே பட்டியல்காரர் சத்தியம் செய்வார். உண்மையில் பாதி வேலையைச் செய்வது கணக்குப் புத்தகம். அமெரிக்காவின் பெரிய பீப்பாய் 15.5 கேலன், அதாவது சுமார் 58.7 லிட்டர் கொள்ளும். நிரம்பியிருந்தால் 70 கிலோவுக்கு மேல் கனக்கும். காகிதக் கணக்கில் 124 பைன்ட். நுரையில் போவது தனி. சின்னப் பீப்பாயில் 41 பைன்ட். ஓடுகிற குதிரைக்குப் பெரிய பீப்பாய், ஆசைக்கு வாங்குவதற்குச் சின்னது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்களைக் காரக் கரைசல் விட்டுக் கழுவியாக வேண்டும். மிளகாய் போட்ட பீரை ஒரு குழாயில் ஓடவிட்டால் அதன் மணம் பிளாஸ்டிக்கில் ஏறிக்கொண்டு கழுவினாலும் லேசில் போகாது. அடுத்து அதில் ஓடும் அப்பாவி கோதுமை பீரும் காரமாக இறங்கும்.

ஆசைக்கு வாங்குவது என்றேன் அல்லவா? ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்தில் ஷ்லென்கெர்லா என்ற புகை பீர் உண்டு. பீச் மர விறகின் புகையில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, உலர்த்திச் செய்வது. கிளாஸைத் தூக்கினாலே புகைபோட்ட பன்றிக்கறி வாசம். ஒவ்வொரு பட்டியல்காரரும் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைப் பலகையில் ஏற்றிவிடுகிறார். வாடிக்கையாளர் ஒரு வாய் குடித்துவிட்டு, கிச்சனில் ஏதாவது தீய்கிறதா என்று கேட்பார். அந்த 41 பைன்ட் தீர வாரக்கணக்காகும். மிச்சத்தை ஊழியர்கள் குடித்துத் தீர்ப்பார்கள், கடமையாக.

விற்பது என்னவோ ஐபிஏதான். ஹாப்ஸ் தூக்கலான அந்தக் கசப்பு பீரின் வகைகளே பலகையில் பாதியை அடைத்திருக்கும். பழரசம்போல் கலங்கிய வெர்மான்ட் பாணியும் உண்டு, பளிங்காகத் தெளிந்து கசக்கும் மேற்குக் கரைப் பாணியும் உண்டு. 2017 வாக்கில் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'புரூட் ஐபிஏ' பிறந்தது. நொதி சேர்த்து மாவுச்சர்க்கரை முழுவதையும் கரைத்து, ஷாம்பெயின்போல் வறட்டுச் சுவையாக்கியது. எதிர்காலமே இதுதான் என்று பட்டியல்காரர்கள் குழாய் ஒதுக்கினார்கள். இரண்டே வருடத்தில் அது ஓய்ந்துவிட்டது. இன்று அதைப் பற்றிக் கேட்டால், "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். எப்போது, யாரிடம் என்பதற்குச் சாட்சி கிடையாது.

வினோதங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். ஓரிகனின் ரோக் ஆலை 2013இல் தன் தலைமைத் தயாரிப்பாளரின் தாடியிலிருந்து எடுத்த ஈஸ்ட்டை வளர்த்து பீர் செய்தது. டென்வரின் வின்கூப் ஆலை 2012 ஏப்ரல் முதல் தேதி, காளையின் விரையைப் போட்டு ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் காய்ச்சுவதாகக் கேலிக்கு ஒரு வீடியோ வெளியிட்டது. ஆட்கள் நிஜமாகவே கேட்டார்கள், ஆலையும் நிஜமாகவே காய்ச்சிவிட்டது. இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லும்போது பட்டியல்காரரின் முகத்தில் ஒரு சின்ன ஏக்கம் தெரியும்.

நியாயமாகச் சொன்னால், இந்த ஜாதியின் நச்சரிப்பால் நல்லதும் நடந்திருக்கிறது. 1986இல் போர்ட்லண்டின் டப்ளின் பப் உரிமையாளர், பீர் ஆலை நடத்திய விட்மர் சகோதரர்களிடம் மூன்றாவதாக ஒரு பீர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சகோதரர்களிடம் மூன்றாவது வகைக்குத் தொட்டி இல்லை. இருந்த கோதுமை பீரையே வடிகட்டாமல் கலங்கலாகப் பீப்பாயில் பிடித்துக் கொடுத்தார்கள். எலுமிச்சைத் துண்டோடு அது ஊரையே வளைத்துப்போட்டது. ஆனால் விட்மரின் கம்பெனி 2020இல் உலகப் பெரும் பீர் நிறுவனமான ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ் கைக்கு முழுதாகப் போய், விட்மர் 2023 வரை அங்கேயே இருந்தது. சுயேச்சை ஆலைகளின் சரக்குதான் வாங்குவேன் என்று விரதம் பூண்ட பட்டியல்காரரின் பலகையில், ஒரு பாருக்காகவே பிறந்த அந்த பீருக்கு அப்போது இடமில்லாமல் போனது. விரதத்தில் எனக்கும் அனுதாபம் உண்டுதான். இருந்தாலும் அது கொஞ்சம் அநியாயம்.

வாடிக்கையாளருக்கு இந்தச் சரித்திரம் எதுவும் வேண்டாம். பலகையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்துவிட்டு, "லைட்டா ஏதாவது கொடுங்களேன்" என்பார். பட்டியல்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரியைக் காட்டுவார். அங்கே ஒரு சாதாரண லாகர் இருக்கும். மின்சாரக் கட்டணத்தைக் கட்டுவது அதுதான் என்று கணக்குப் பார்ப்பவர் சொல்வார்.

விடுமுறை நாளில் அவரும் மனிதர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து பாருக்குப் போய் மூலையில் உட்கார்ந்து, ஒரு பில்ஸ்னரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கத்தான் ஆசை. அது நடக்காது. அந்த பாரின் பட்டியல்காரர் அடையாளம் கண்டுகொண்டு ஐந்து சின்னக் கிளாஸ்களை வரிசையாகக் கொண்டுவந்து வைப்பார். அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும். மூன்றாவதில் வெள்ளரிக்காய் போட்ட புளிப்பு பீர். போன வாரம்தான் இவர் ரெப்பிடம் லேபிளைப் புகழ்ந்து திருப்பியனுப்பியது.

"இதை எதுக்குங்க எடுத்தீங்க?" என்று கேட்டேவிட்டார்.

அவர் திகைத்துப்போனார். "நீங்கதான் மூணு பீப்பாய் எடுத்திருக்கீங்கன்னு அந்த ரெப் சொன்னாரே!"